எல்லார் காதிலும் ஒரே பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவும்போது சங்கவிக்கு எங்கிருந்தோ பாட்டுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டில்தான் போட்டிருக்கிறார்கள் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாராவது பையன்கள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். வெயிலைத் தவிர யாருமில்லை. கீழே வந்து சுவரில் காதை வைத்தாள். கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். எங்கே போனாலும் பாட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஏனுங்க, யாரு பாட்டுப் போட்டிருக்கறாங்க?"

அவள் கணவன் லோகநாதன் கூடத்தில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தான். "எந்தப் பாட்டு?"

"உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"ஒண்ணும் கேக்கல. அதக் கேக்கற காதுக்குப் பாப்பா கூப்பிடறது கேக்காதா?"

சங்கவி திரும்பினாள். மகிழினி அவள் நைட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஐந்து வயது. மாடிக்கும் வாசலுக்குமாக அம்மா பின்னாலேயே அலைந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு முகம் சிவந்து போயிருந்தது. "என்ன கண்ணு?" என்று சங்கவி குனிந்தாள். குழந்தையின் உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. சங்கவி வழக்கம்போலத் தலையை ஆட்டிவைத்தாள்.

அந்த வருடங்களில் திருப்பூரின் பெரிய பனியன் கம்பெனிகளில் பாட்டு இல்லாமல் மெஷின் ஓடுவதில்லை. சங்கவி தைத்துக்கொண்டிருந்த லூமிரா கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேரும் அன்றே அடையாள அட்டையோடு காதுக்கு இரண்டு கருவிகளையும் தந்துவிடுவார்கள். வெள்ளையாக, விரல் நுனி அளவில், மல்லிகை மொட்டுப் போல இருக்கும். கம்பெனி அதற்கு என்னவோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. பெண்கள் மொட்டு என்றார்கள். மெஷின்களின் இரைச்சலை அது மறைத்துவிடும், உள்ளே பாட்டு ஓடும். வார்த்தை இல்லாத பாட்டு. வார்த்தை இருந்தால் கவனம் சிதறும் என்பதால் கணினியே மெட்டமைத்தது. ஒரு லைன், அதாவது ஒரு மெஷின் வரிசை, முழுவதற்கும் ஒரே தாளம். தைக்கிறவர்களின் கைவேகத்தைக் கவனித்து, அதைவிட ஒரு நூலளவு முன்னால் தாளம் ஓடும். கை தன்னை அறியாமல் அதை எட்டிப் பிடிக்கும். நாலு வரி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நூலை வெட்டி அடுத்த பீஸை எடுப்பார்கள்.

யாரும் அவர்கள் காதில் அதை வலுக்கட்டாயமாகத் திணிக்கவில்லை. சங்கவிக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. அது ஓடினால் முதுகுவலி தெரியாது, பொழுது போவது தெரியாது. வண்டியில் வரும்போதும், வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் அவள் மொட்டைக் கழற்றுவதில்லை. கழற்றினால் கைக்குப் பிடிமானமே இல்லாததுபோல் இருக்கும்.

ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, மொட்டு இரண்டும் அலமாரியில் சார்ஜில் இருந்தன.

*

காது டாக்டர் ஷபானா சோதனையை முடித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். வாயைப் பார்க்க வசதியாக முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"எனக்கு மண்டைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று சங்கவி கேட்டாள். அதைத்தான் கேட்க வந்திருந்தாள். காது அவளுக்கு இரண்டாம்பட்சம்.

"மண்டை நல்லா இருக்கு. உள்காதுதான் போயிருக்கு." டாக்டர் ஒரு தாளில் நத்தை ஓடு ஒன்றை வரைந்தார். "இது உள்ள நாத்து நட்ட மாதிரி வரிசையா பொடிப்பொடியா மயிர் இருக்கும். சத்தம் வந்தா அசையும். ரொம்ப நேரம் வந்தா சாஞ்சிரும். ஓய்வு குடுத்தா நிமிந்துக்கும். ஓய்வே குடுக்காம அதே இடத்துல அடிச்சுக்கிட்டே இருந்தா விழுந்தது விழுந்ததுதான். தலைமுடி மாதிரி மறுபடி வளராது."

"சத்தமே இல்லீங்களே டாக்டர். மெதுவாத்தான் பாடும்."

"மெதுவாத்தான் பாடும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

சங்கவி யோசித்தாள். தூங்கும் நேரத்தைக் கழித்துச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

"அதான்," என்றார் டாக்டர். "சத்தத்துக்கு அளவு வெச்சாங்க. நேரத்துக்கு வெக்கல. இன்னொண்ணு, சாதாரணப் பாட்டு மேலயும் கீழயும் போகும், காதுல எல்லா இடத்தையும் தொடும். உங்க பாட்டு ரெண்டு மூணு சுரத்த விட்டு நகராது. அந்தச் சுரம் கேட்டா கை ஓயாதுன்னு மெஷின் கண்டுபிடிச்சிருக்கு. வருஷக்கணக்கா அதே இடத்த அடிச்சிருக்கு. குழந்தைங்க குரல் வந்து விழற இடமும் அதுதான். ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் அங்கதான்."

சங்கவி நத்தை வரைந்த தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்ப இல்லாத பாட்டு எப்படிங்க கேக்குது?"

"ஒரு இடத்துல இருந்து சேதியே வரலன்னா மூளை சும்மா இருக்காது. தனக்குப் பழக்கமானத தானே பாடிக்கும்." டாக்டர் பேனாவை மூடினார். "உங்க கம்பெனியில இருந்து நீங்க முதல் ஆள் இல்ல. எல்லாரும் தனித்தனியா வர்றாங்க. எல்லாரும் மண்டையப் பத்தித்தான் கேக்கறாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கறதே இல்ல. சேந்து ஒரு புகார் குடுத்தா என்ன?"

"வேல போயிருமுங்க."

டாக்டர் அடுத்த சோதனைக்கு வர வேண்டிய நாளை எழுதிக் கொடுத்தார்.

*

புகாருக்குத் தேவையே இல்லாமல் போய்விடும் போலத்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குள் கம்பெனியின் மனிதவள அதிகாரி பிரசன்னகுமார் ஒவ்வொரு லைனாக வந்து புது மொட்டுகளைக் கொடுத்தார். நல்ல மனிதர். பெண்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இது பாட்டுக்கு மட்டும் இல்ல. எதிர்ல பேசறவங்க குரலையும் எடுத்துக் குடுக்கும். உங்க காதுல எது விழலையோ, அத உங்களுக்குக் கேக்கற மாதிரி மாத்திக் குடுக்கும். வெளிய வாங்குனா லட்சக்கணக்குல ஆகும். உங்களுக்கு இலவசம்."

"பாட்டும் ஓடுங்களா?"

"அடியில சன்னமா ஓடிக்கிட்டே இருக்கும். வேலைக்கு வேணும்ல."

அன்று சாயங்காலம் சங்கவி புது மொட்டோடு வீட்டுக்கு வந்தாள். மகிழினி ஓடிவந்து, "அம்மா, சுசீலா மிஸ் எனக்கு ஸ்டார் போட்டாங்க!" என்றாள். சுசீலா என்ற பெயரிலிருந்த இரண்டு சகரங்களும், ஸ்டாரின் நுனியிலிருந்த அந்தச் சீறலும் ஊசி குத்துவதுபோல் வந்து விழுந்தன. சங்கவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருக்கா சொல்லு கண்ணு," என்றாள். குழந்தை சொன்னாள். இன்னொருக்கா என்றாள். லோகநாதன் சிரித்துக்கொண்டே பையை வாங்கி வைத்தான்.

அதன்பிறகு கம்பெனியில் யாராவது மொட்டைப் பற்றிக் குறை சொன்னால் சங்கவிக்குக் கோபம் வந்தது.

பக்கத்து மெஷினில் தைத்த சுனிதா ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். வந்த புதிதில் சங்கவிதான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ஒரு காலையில் சுனிதா மெஷினை மூடிவிட்டு எழுந்தாள். "அக்கா, அப்பா ரொம்ப சீரியஸ். நான் ஊருக்குப் போறேன். திரும்ப வர மாட்டேன். அம்மாவப் பாக்க ஆள் இல்ல."

சங்கவி அனுமதி கேட்டுக்கொண்டு கேட் வரை கூடப் போனாள். காவலாளி சுனிதாவின் அடையாள அட்டையை வாங்கினார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"மொட்டையும் குடும்மா. அது கம்பெனி சாமான்."

சுனிதா இரண்டையும் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"பத்திரமா போ. போயிச் சேந்ததும் போன் பண்ணு," என்றாள் சங்கவி.

சுனிதா அவள் வாயைப் பார்த்தாள். "என்ன அக்கா?"

"போன் பண்ணு."

"என்ன?"

சங்கவி இன்னும் உரக்கச் சொன்னாள். சுனிதா சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சங்கவிக்குத் தெரியும். புரியாத ஒருத்தி, எதிரில் நிற்பவர் மனம் நோகாமல் இருக்க ஆட்டுவது. தான் வருஷக்கணக்கில் தன் பெண்ணிடம் ஆட்டியது. ஆட்டோ ஒன்று சுனிதாவுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. சங்கவிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

போனில் அவள் எதைக் கேட்கப்போகிறாள் என்று மெஷினுக்குத் திரும்பி வந்தபிறகுதான் சங்கவிக்கு உறைத்தது.

*

புகாரில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னபோது லோகநாதன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"பாப்பா பேசறத நீ இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கற. அதையும் கொண்டுபோயிக் குடுத்துட்டு வரணுமா? தோத்தா பிடுங்கிக்குவாங்க அம்மிணி."

"தோக்காட்டியும் ஒரு நாளைக்குப் பிடுங்கத்தானுங்க போறாங்க. எனக்கு வயசாகும். இல்ல ஒரு சண்ட வரும். இல்ல உங்களுக்கு ஒடம்புக்கு முடியாம நான் வீட்ல நிக்கோணும். இது என்ற காது இல்லீங்க. கம்பெனிக் காது. கேட்ல கழட்டி வாங்கிக்குவாங்க."

"அது வரைக்குமாவது கேக்குமல்ல?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் ஷபானா தன்னிடம் வந்த ஒவ்வொருவரையும் தேடிப் பேசினார். சங்கவி லைனில் பேசினாள். சாப்பாட்டு நேரத்தில், "உனக்கும் பாட்டுக் கேக்குதா?" என்று முதலில் ஒருத்தியிடம் கேட்டாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

விசாரணை ஒரு முற்பகலில் நடந்தது. தொழிலாளர் துறையின் விசாரணை அதிகாரி எலிசபெத் நீண்ட அறையின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கூட வந்திருந்த லோகநாதன் சுவரோரம் நின்றிருந்தான். கம்பெனி வக்கீல் சத்தம் போடாமல் பேசினார்.

"மேடம், மொட்டுல வந்த சத்தம் எந்த நாளும் வரம்பத் தாண்டல. எல்லாப் பதிவும் இருக்கு. காது மந்தமாக ஆயிரம் காரணம். கல்யாண வீட்டு ஸ்பீக்கர், கோயில் திருவிழா, சளி, பரம்பரை. பாட்டு தானாக் கேக்குதுங்கறாங்க. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு இன்னொருத்தர் எப்படிப் பாக்க முடியும்?"

டாக்டர் எழுந்து சோதனை முடிவுகளைச் சொன்னார். வக்கீல் அதற்கும் பணிவாகப் பதில் சொன்னார். பிரசன்னகுமார் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பெண்களைப் பார்த்தார். "கருவி இல்லாம உங்களுக்கு எவ்வளவு கேக்குதுன்னு நானே பாத்துக்கறேன். நான் கை காட்டினதும் எல்லாரும் ஒண்ணாக் கழட்டுங்க."

கை காட்டினார். கழற்றினார்கள்.

அறை தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல் ஆயிற்று. மின்விசிறி சத்தம் போனது, தெருச் சத்தம் போனது. பாட்டு மட்டும் போகவில்லை. மொட்டில் எந்த இடத்தில் விட்டதோ அந்த இடத்திலிருந்தே தலைக்குள் தொடர்ந்தது. சங்கவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரியின் உதடுகளைக் கவனித்தாள். அவர் ஏதோ கேட்கத் தொடங்கினார். பாதியில் உதடு நின்றது. அவர் பெண்களின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலை விலகியிருக்கிறதோ என்று சங்கவி குனிந்தாள். அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மெஷின் பெடலை அழுத்துவதுபோல, அழுத்தி, தளர்ந்து, அழுத்தி. பக்கத்தில் இருந்தவளின் காலும் அப்படியே. அவளுக்கு அடுத்தவள் காலும். முன் பெஞ்சு, பின் பெஞ்சு, செருப்புப் போட்ட கால், போடாத கால், எல்லாம் ஒன்றாக அழுத்தி ஒன்றாகத் தளர்ந்தன. நாலாம் வரி முடிந்தது. எல்லாக் கால்களும் நின்றன. எல்லார் வலது கையும் மடியிலிருந்து சற்று எழுந்து, இல்லாத நூலை வெட்டி, இல்லாத பீஸை நகர்த்தியது. மறுபடி கால்கள் அழுத்தின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரியவில்லை.

வக்கீல் எழுந்து கைகளை விரித்து ஏதோ சொன்னார். சொல்லிக்கொடுத்து நடிக்கவைக்கிறார்கள் என்று அவர் சொன்னதாகப் பிற்பாடு லோகநாதன் சொன்னான். அதிகாரி சைகையால் பாதிப் பேரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். சங்கவியும் அதில் போனாள். அங்கே சுவரைப் பார்த்து உட்காரச் சைகை காட்டினார்கள். அவள் ஓரக்கண்ணால் பார்த்தபோது அதிகாரி இரண்டு அறைக்கும் நடுவாசலில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் ஷபானா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சங்கவி காலை நிறுத்திப் பார்த்தாள். நிறுத்த முடிந்தது. அதிகாரியின் முகத்தில் ஏதோ மாறுவதைக் கவனித்த அந்தக் கணத்தில் கால் தானாகத் தொடங்கிவிட்டது.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

*

உத்தரவு வர நாளாயிற்று. வந்தது முழு வெற்றி இல்லை. போன காதுக்கு இழப்பீடு கேட்ட பகுதியை எதிர்த்துக் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அது இன்னும் நடக்கிறது. ஆனால் மொட்டுகளைப் பெண்களுக்கே சொந்தமாக எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. வேலையில் இருந்தாலும் விட்டாலும் அது அவர்களுடையது. உள்ளே பாட்டு இருக்கக்கூடாது, குரலை எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான். தைக்கும் இடத்திலும் இனிமேல் பாட்டு கிடையாது. சுனிதாவுடைய மொட்டுகளைச் சங்கவியே நின்று பொட்டலம் கட்டி ஊருக்கு அனுப்பிவைத்தாள். வீடியோவில் கூப்பிட்டாள் சுனிதா. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பாட்டு நின்ற அன்று லூமிராவில் எல்லா அதிகாரிகளும் தைக்கும் கூடத்துக்கு வந்து நின்றார்கள். உற்பத்தி எவ்வளவு சரியும் என்று அவர்களுக்குள் பெரிய பயம் இருந்தது. மெஷின்கள் ஓடின. சாயங்காலம் கணக்குப் பார்த்தார்கள். ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை.

பிரசன்னகுமார் சங்கவியின் மெஷின் பக்கம் வந்தபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கூடவே வேறு ஏதோவும் இருந்தது. "அக்கா, பாட்டு இல்லாம எப்படி இதே வேகம்?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. சங்கவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார்.

அந்த வாரமே சங்கவி தையலை விட்டுவிட்டு, கம்பளம் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. மொட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டு கேட்டது. அவளுக்கு அது பழகிப்போன ஒன்றுதான். ஆனால் இந்த முறை அது ஒரு பக்கத்திலிருந்து வந்தது. தலைக்குள் ஓடுவதற்குப் பக்கம் கிடையாது. சங்கவி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்து மூலையில் மகிழினி துணித்துண்டுகளைப் பரப்பி விளையாடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அதே மெட்டு. அதே இழுவை. அதில் வார்த்தை இருந்தது.

"அம்மா அம்மா இங்க பாரு
எறும்புக் கூட்டம் போகுது பாரு
வாயில சக்கர வெச்சிருக்கு பாரு
அம்மா அம்மா இங்க பாரு"

நாலாம் வரி முடிந்ததும் குழந்தை சரியாக அந்தச் சின்ன இடைவெளி விட்டாள்.

சங்கவி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "இது யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?"

"நீதான்."

"நானா?"

"நீதான் எப்பப் பாத்தாலும் ஊம் ஊம்முன்னு பாடுவயே. சமைக்கறப்ப. துணி மடிக்கறப்ப. அதுல வார்த்தையே இல்ல. அதனால நானே போட்டுக்கிட்டேன்."

தான் வாய்விட்டுப் பாடியது சங்கவிக்கு இதுவரை தெரியாது. "எப்பப் போட்டே?"

மகிழினி ஒரு துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீ திரும்பாதப்ப."

சங்கவி சுவரில் சாய்ந்துகொண்டாள். வெங்காயக் கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பதால் முழங்கையால் துடைத்தாள். "இன்னொருக்கா பாடு," என்றாள். குழந்தை பாடினாள். சங்கவி கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த எறும்பெல்லாம் எங்கடா கண்ணு?"

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாட்டுக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. "அது அப்பவே போயிருச்சும்மா," என்றாள்.

"போகட்டும். எங்கிருந்து வந்துச்சு, எந்தப் பக்கம் போச்சு, எல்லாத்தையும் சொல்லு. நான் கேக்கறேன்."

குழந்தை துணியைக் கீழே போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, மெட்டு இல்லாமல், சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினாள்.